வெள்ளிக்கிழமை வீட்டுச் சேதி

“பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்புகிறதை எந்தத் தாய் தகப்பன் காதில் வாங்குகிறார்கள்?” என்று போன வாரம், இன்றைக்கு வாத்தியார் வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டார். பனிக்காலம் வந்துவிட்டது, காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பாதீர்கள், இருட்டு விலகுமுன் தனியாக அனுப்பாதீர்கள், பொங்கல் விடுமுறை இன்னின்ன நாள் என்று எத்தனை முறை அச்சடித்துக் கொடுத்தாலும் அது பைக்குள்ளேயே கிடந்து கசங்கிப் போகிறது என்றார். நான் அப்போது வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவன் எதற்கெடுத்தாலும் ‘எங்கள் காலத்தில்’ என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்காது. ஆனாலும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஏனென்றால் எனக்கு இருந்த பயம் அதற்கு நேர் எதிரானது. நான் சொன்னதை அப்படியே கேட்டுவிடுகிறார்களே என்று நடுங்கியவன் நான்.

முதன்முதலில் நான் வேலைக்குச் சேர்ந்தது திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே பத்து மைலுக்கும் மேல் தள்ளி, கடலைக்காடும் சோளக்காடும் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். ஊர் மணியக்காரர் ஒதுக்கிக் கொடுத்த மண்சுவர்க் கொட்டகைதான் பள்ளிக்கூடம். அதை ஒட்டி ஓர் அறை. அதில் நான் குடியிருந்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு. நாலு வகுப்புக்கும் நான் ஒருவனே வாத்தியார். பிள்ளைகள் நாற்பத்துச் சொச்சம் பேர்.

அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். வீட்டுக்குக் காகிதம் எழுதி அனுப்பிப் பயனில்லை. காகிதத்தைக் கண்டாலே கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறது என்று மிரள்வார்கள். அதனால் நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து, அந்த வாரத்துச் சேதிகளை விரல் மடக்கிச் சொல்வேன். கட்டை விரலுக்கு ஒன்று, ஆட்காட்டி விரலுக்கு ஒன்று. அவர்களும் கூடவே மடக்கிக்கொண்டு மூன்று முறை திருப்பிச் சொல்வார்கள். மூடிய கையோடு வீட்டுக்குப் போய், பெரியவர்கள் முன்னால் நின்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துச் சொல்லவேண்டும். வழியில் தடுக்கி விழுந்தாலும் கையை விரிக்காமல் எழுந்து ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விரித்தால் சேதி கொட்டிப் போய்விடுமாம். ‘பள்ளிக்கூடத்துச் சேதி’ என்று ஊரில் அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

மார்கழி பிறந்தது. அந்த வெள்ளிக்கிழமை நாலு சேதி சொன்னேன். இந்த மாதம் பள்ளிக்கூடம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறக்கும், பனி விலகிய பிறகு அனுப்பினால் போதும். சிரங்கு வந்த பிள்ளைக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசவேண்டும். பொங்கலுக்கு முன் பள்ளிக்கூடத்துச் சுவர் பூச வீட்டுக்கு ஒரு கூடை செம்மண் வேண்டும். நாலாவது, குளிருக்கு மேல்துணி போடாமல் பிள்ளைகளை அனுப்பக்கூடாது.

திங்கட்கிழமை பதினோரு பேர் வரவில்லை. பதினோரு பேரும் கீழ்த்தெருப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். பருத்தி எடுக்க இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். கோபமாக வந்தது. மத்தியானம் கீழ்த்தெருவுக்கு நடந்தேன்.

முதல் வீடு பாவாயம்மாளுடையது. அவர் கணவர் செங்கோடன், மணியக்காரர் தோட்டத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பவர். ஒரே மகள் ராமாயி, என்னிடம் இரண்டாம் வகுப்பு. நான் போனபோது ராமாயி வாசற்படியில் உட்கார்ந்து பலகையில் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, புள்ளைய ஏன் அனுப்பலை?” என்றேன்.

“மேல்துணி இல்லீங்க சாமி,” என்றார் பாவாயம்மாள். “மேல்துணி போடாம அனுப்பக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துச் சேதி வந்துச்சுங்களே. அதனால நிறுத்திப்போட்டனுங்க.”

அந்தக் குரலில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, அதனால் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம் என்று சொல்வது போலச் சொன்னார்.

“இருந்தாப் போட்டு அனுப்புங்கன்னுதான் சொன்னேன். இல்லாட்டி வரவே வேண்டாம்னா சொன்னேன்?”

“அப்புடீன்னா அப்புடிச் சொல்லோணுங்க. இருந்தாப் போடுங்கறது வேற. இல்லாட்டி வராதீங்கறது வேற. புள்ளைக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அது வெரல்ல என்ன மடக்கிக் குடுத்தீங்களோ அதத்தான் பிரிச்சுச் சொல்லும்.”

மற்ற பத்து வீட்டுக்கும் அன்றைக்கே போனேன். எல்லா வீட்டிலும் அதே பதில். மறுநாள் எல்லாரும் வந்துவிட்டார்கள், துணி இல்லாதவர்கள் துணி இல்லாமலேயே. ஆனால் என் மனம் அடங்கவில்லை. பிள்ளை படிக்கவேண்டும் என்று அந்தப் பதினோரு வீட்டிலும் ஆசை இருந்தது. காட்டு வேலைக்குக் கிடைக்கும் கையை விட்டுக்கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அந்த ஆசையை, ஏழு வயதுப் பிள்ளை கொண்டுவந்த என் ஒரு சொல்லுக்காக, ஏன் என்று கேட்காமல் கீழே வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயதில் அவ்வளவு பெரிய கனம் என் வாய்க்குள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அந்தப் பருவத்தில் சேலத்துப் பக்கம் பிளேக் என்று பேச்சு அடிபட்டது. உங்கள் தலைமுறைக்கு அது பாடப் புத்தகத்தில் வரும் பெயர். எங்களுக்கு அது குளிரோடு கூட வருகிற விருந்தாளி. முதலில் வீட்டுக்குள் எலி தானாகச் செத்து விழும். அதன் பிறகு மனிதர்களுக்குக் காய்ச்சல், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறிகட்டி, நாலைந்து நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். எலி விழுந்தால் அந்த ஊரையே காலி செய்து திறந்த வெளியில் தங்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அதைப் படித்தேன், மடித்தேன், பெட்டிக்குள் வைத்தேன். வெள்ளிக்கிழமைச் சேதியில் அதைச் சேர்க்கவில்லை. எங்கோ இருக்கிற நோய்க்கு இங்கே ஏன் மக்களைப் பயமுறுத்தவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்கழி பாதி போனபின் ஒரு வியாழக்கிழமை. பாடத்தில் ‘எலி’ என்ற சொல் வந்தது. ராமாயி எழுந்து நின்றாள்.

“எங்க ஊட்டுல எலி செத்துக் கெடந்துச்சுங்க. எங்கப்பன் வாலைப் புடிச்சு வெளிய போட்டாருங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். “எங்க ஊட்டுலயும் உழுந்துச்சுங்க,” என்றான் ஒருவன். “எங்க ஊட்டுல ரெண்டுங்க,” என்றது இன்னொரு குரல். யார் யார் வீட்டில் என்று கேட்டேன். நாலு கைகள் உயர்ந்தன. சிரிப்பு அடங்கவில்லை. எனக்குப் பெட்டிக்குள் மடித்து வைத்த சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது. நாலும் கீழ்த்தெரு வீடுகள். நாலும் மணியக்காரரின் தானியக் கிடங்கை அடுத்த வீடுகள்.

பள்ளிக்கூடம் விட்டதும் மணியக்காரரிடம் போனேன். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவரே அவர்தான்.

“எலி சாகறது எலி பாடுங்க,” என்றார். “பொங்க நோம்பிக்குப் பத்து நாளு இருக்குது. சேதி வெளிய போச்சுன்னா நம்மூருக் கடலைக்காய எந்தச் சந்தையில வாங்குவான்? சர்க்காருக்காரன் வந்து கூரையெல்லாம் பிரிச்சுப் போடுவான். சனங்க எங்கீங்க போவாங்க? ரெண்டு மூணு நாள் பாக்கலாம். நீங்க பள்ளிக்கூடத்து வேலையப் பாருங்க.”

அவர் சொன்னது முழுவதும் பொய்யில்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. சுகாதார இன்ஸ்பெக்டருக்கு ஒரு கார்டு எழுதித் தபாலில் போட்டேன். என் கடமை அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசி மணியில் நாற்பது முகங்களும் என்னைப் பார்த்துக் கையைத் தயாராக வைத்திருந்தன. ஊரைக் காலி செய்யுங்கள் என்று சொன்னால் செய்துவிடுவார்கள். அந்த மேல்துணி விஷயத்திலேயே அது தெரிந்துவிட்டது. எலிகள் வேறு எதனாலோ செத்திருந்தால்? மார்கழிப் பனியில் கைக்குழந்தைகளும் கிழவர்களும் வெட்டவெளியில் கிடந்து குளிரிலேயே போய்விட்டால்? மணியக்காரர் கொட்டகையைப் பூட்டிவிட்டால்? இப்படியெல்லாம் யோசித்து, கடைசியில் எந்தப் பக்கமும் சாயாத ஒரு சேதியைச் சொன்னேன். செத்த எலியைக் கையால் தொடாதீர்கள். எலி விழுந்த வீட்டுக்காரர்கள் கவனமாக இருக்கவும். பிள்ளைகள் மூன்று முறை திருப்பிச் சொன்னார்கள். மூடிய கையோடு போனார்கள்.

நண்பர்களே, நாம் எழுதும் அறிவிப்புகளில் ‘கவனமாக இருக்கவும்’ என்ற சொற்களை எங்கே கண்டாலும் நின்று பாருங்கள். எழுதியவன் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறான்.

சனிக்கிழமை காலை பனி விலகிக்கொண்டிருந்த நேரம். நான் அறை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பாவாயம்மாள் வந்து நின்றார்.

“நேத்து ஒரு சேதி சொல்லி உட்டீங்களாமா. கவனமா இருக்கோணும்னு.”

“ஆமாம்மா.”

“கவனமா இருக்கறதுன்னா என்னங்க பண்ணோணும்?”

நான் வாயைக் கொப்பளித்தேன். பதில் தேடிக்கொண்டே கொப்பளித்தேன். சுத்தமாக வைத்திருக்கவேண்டும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் நிறுத்தியதும் சொன்னார்:

“அதெல்லாம் சரிங்க சாமி. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த ஊட்டுக்குள்ள இருக்கறதா, போறதா? நேத்தும் அந்த ஊட்டுலயேதான் படுத்திருந்தோம். இன்னைக்கு இருக்கறதா, போறதா?”

இவ்வளவு சின்னக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ளத் துணியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

“போகணும்,” என்றேன்.

“நாங்க நாலு ஊடு மட்டுமா, ஊரே போகோணுமா?”

“ஊரே போகணும்.”

“அப்புடீன்னா மணியடிங்க. புள்ளைகளக் கூப்புடுங்க. நாஞ்சொன்னா எவங்கேப்பான்? பள்ளிக்கூடத்துச் சேதின்னாத்தான் கேப்பாங்க.”

விடுமுறை நாளில் மணியடித்தேன். தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டு அன்றைக்குப் போல் என்றும் ஒலித்ததில்லை. பிள்ளைகள் பாதித் தூக்கத்தோடும், வாயில் பழைய சோற்றோடும் ஓடிவந்தார்கள். இன்றைக்கு ஒரே ஒரு விரல்தான் என்றேன். கட்டை விரலை மடக்கச் சொன்னேன். எலி விழுந்த ஊருக்குள் இன்றைக்கு யாரும் படுக்கக்கூடாது. எல்லாரும் பொழுது சாயுமுன் மேட்டுக்காட்டுக்குப் போகவேண்டும். மூன்று முறை சொன்னார்கள். “போங்க!” என்றேன்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வார்த்தை போதாது. முதலில் எதுவும் நடக்கவில்லை. தெருக்களில் பிள்ளைகளின் குரல் மட்டும் கேட்டது. பிறகு கீழ்த்தெருவிலிருந்து ஓர் ஆள் தலையில் கட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் பின்னால் பானை சுமந்த பெண்கள். ஆட்டுக்குட்டியை மார்போடு அணைத்த ஒரு பிள்ளை. மகன் முதுகில் ஒரு கிழவர். நெசவுக்காரர்கள் இரண்டு குடும்பம் பாவு நூலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கோழிக்கூடைகள், உரல், தூளிச் சேலை. உச்சிப் பொழுதுக்குள் நடுத்தெருவும் கிளம்பிவிட்டது. யாரும் அலறவில்லை. யாரும் என்னிடம் வந்து உண்மைதானா என்று கேட்கவில்லை. கடலை பறித்து வெறுமையாகக் கிடந்த காட்டின் குறுக்கே அந்த வரிசை, ஊருக்கு வெளியே மணியக்காரருக்குச் சொந்தமான மேட்டுக்காட்டை நோக்கி நீண்டுகொண்டே போனது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பாறைமேல் நின்று பார்த்தேன். ஓர் ஊர் எழுந்து நடக்கிறது. சேதி சொன்னவர்கள் பால்பல் விழாத பிள்ளைகள். அவர்களுக்குச் சொன்னவன் நான்.

மத்தியானம் தாண்டி மணியக்காரர் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“ஆரைக் கேட்டுங்க ஊரைக் காலி பண்ணுனீங்க?”

“யாரையும் கேக்கலீங்க.”

“எம்பட காட்டுல எம்பட உத்தரவு இல்லாம ஊருச் சனமே எறங்கியிருக்குது. எம்பட மருமக என்னைக் கேக்காம வாசப்படி தாண்டுனதில்லீங்க. இன்னைக்குப் பையனக் கூட்டிக்கிட்டுத் தாண்டீட்டா. போய்த் திரும்பக் கூப்புடுங்க. நீங்க அனுப்புன சேதி. நீங்க சொன்னாத்தான் திரும்புவாங்க.”

அது உண்மை. ஒரு சொல் போதும், அத்தனை பேரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அந்த வீடுகளுக்குள் திரும்பிவிடுவார்கள்.

“நான் கூப்பிட மாட்டேனுங்க.”

“இந்தக் கொட்டாயி உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?”

“வேணுங்க. ஆனாக் கூப்பிட மாட்டேன்.”

அவரே மேட்டுக்காட்டுக்குக் கிளம்பினார். நானும் பின்னால் போனேன். அவரைக் கண்டதும் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். மருமகள் தலைகுனிந்து நின்றார். அப்போது அவருடைய பேரன், ஒன்றாம் வகுப்புப் பையன், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான். தாத்தா வெளியூர் போயிருந்ததால் காலையில் அவரிடம் சேதி சொல்ல முடியவில்லை. கை இன்னும் மூடியே இருந்தது.

“அப்பாரு, பள்ளிக்கூடத்துச் சேதி,” என்று கட்டை விரலை நிமிர்த்தினான். “எலி உழுந்த ஊருக்குள்ள இன்னைக்கு ஆரும் படுக்கக் கூடாது. எல்லாரும் பொழுது சாயறதுக்கு முந்தி மேட்டுக்காட்டுக்குப் போகோணும்.”

மணியக்காரர் அவன் முகத்துக்கு நேரே குனிந்தார்.

“இன்னொருக்காச் சொல்லு சாமி.”

பையன் ஓர் எழுத்துக்கூட மாறாமல் சொன்னான். மணியக்காரர் தலையை நிமிர்த்தி, காடு முழுக்க நின்ற சனத்தை ஒரு முறை பார்த்தார். அவர் பேச்சைக் கேட்காமல் அந்த ஊர் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். எதிரில் குச்சி நட்டுக்கொண்டிருந்த பாவாயம்மாளின் கணவரைக் கூப்பிட்டார்.

“செங்கோடா, வண்டியப் பூட்டு. தோப்புல தென்னங்கீத்துக் கெடக்குது, அத்தனையும் ஏத்தியா. கொழந்தைக இருக்கற பக்கம் மொதல்ல மறைக்கோணும். பனி எறங்கப் போவுது.”

திங்கட்கிழமை நான் மேட்டுக்காட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தினேன். பெயர் கூப்பிட்டால் “உள்ளேன் ஐயா” என்பதோடு வீட்டுக் கணக்கையும் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. “உள்ளேன் ஐயா. எங்க ஊட்டுல அஞ்சு பேருங்க, அஞ்சு பேரும் நல்லாருக்கறாங்க.” ராமாயி எழுந்து, “எங்க ஊட்டுல மூணு பேருங்க, மூணு பேரும் நல்லாருக்கறோமுங்க,” என்றாள். அந்த ஊருக்கு அதைவிட நல்ல வருகைப் பதிவேடு இருந்திருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். ஊருக்குள் போய்ப் பார்த்துவிட்டு, மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்தபடி மேட்டுக்கு வந்தார். பிளேக்தான் என்றார்.

“இந்த ஊரை யார் காலி செய்தது? மற்ற ஊர்களில் போலீசோடு போனாலும் கதவைச் சாத்திக்கொள்கிறார்களே!”

“பள்ளிக்கூடம் சொல்லிச்சுங்க,” என்றார் பாவாயம்மாள்.

இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்தைத் தேடினார். வேப்பமரத்தடியில் பலகையோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

அன்று பிற்பகல் கவலை ஓட்டிக்கொண்டிருந்த செங்கோடன், குளிர்கிறது என்று மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தார். அந்த வெயிலிலும் அவர் பல் அடித்துக்கொண்டது. பாவாயம்மாள் ஒருவரையும் கேட்கவில்லை. தூரத்துப் புளியமரத்தடிக்குக் கணவரைத் தாங்கிக்கொண்டு போய்த் தனியே குடிசை போட்டார். ராமாயியை அடுத்த குடும்பத்தில் விட்டு, “நாங் கூப்புடற வரைக்கும் அந்தப் பக்கம் வரப்படாது கண்ணு,” என்று சொல்லிவிட்டுப் போனார். கஞ்சியைப் பாதி வழியில் வைத்துவிட்டுத் திரும்புவோம். அவர் வந்து எடுத்துப் போவார். வியாழக்கிழமை நடுப்பகலில் செங்கோடன் போய்விட்டார்.

மேட்டிலேயே தங்கியிருந்த இன்ஸ்பெக்டரைத் தனியே பிடித்துக் கேட்டேன், செங்கோடனுக்கு எப்போது தொற்றியிருக்கும் என்று.

“அவர் வாலைப் பிடித்து எறிந்த அன்றே இருக்கலாம். வெள்ளிக்கிழமை வீட்டில் படுத்திருந்தபோதும் இருக்கலாம். அதை யார் சொல்ல முடியும்?” என்றார்.

மறுநாள் காலை பெயர் கூப்பிட்டேன். ராமாயி பெயர் வந்தபோது தாண்டிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“உள்ளேன் ஐயா. எங்க ஊட்டுல ரெண்டு பேருங்க. ரெண்டு பேரும் நல்லாருக்கறோமுங்க.”

பதிவேட்டில் இரண்டு என்று எழுதினேன்.

அதன் பிறகு இன்னொரு பெண்ணுக்கு நெறி கட்டியது, அவர் பிழைத்துக்கொண்டார். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. காலி செய்யாத பக்கத்து ஊரில் விளக்கேற்ற ஆளில்லாத வீடுகள் பல ஆயின. எங்கள் ஊரில் கூரைகளைப் பிரித்து வெயில் விட்டபோது, மணியக்காரரின் கிடங்கிலிருந்து செத்த எலிகளை முறம் முறமாக வாரினார்கள். அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். பொங்கலை மேட்டுக்காட்டிலேயே வைத்தோம். அத்தனை வீட்டுப் பானையும் ஒரே வரிசையில் பொங்கியதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாசி பிறந்த பிறகுதான் ஊர் திரும்பியது. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பாவாயம்மாள் ராமாயியைக் கொண்டுவந்து விட்டார். அவர் திரும்புமுன் நான் கூப்பிட்டேன். ஒரு மாதத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்ததை அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

“அம்மா, எனக்கு அந்த வியாழக்கிழமையே தெரியும். எலி விழுந்தா ஊரை விட்டுப் போகணும்னு மேலேயிருந்து வந்த காகிதம் என் பெட்டிக்குள்ளேயே இருந்துச்சு. நான் பயந்துக்கிட்டுச் சொல்லலை. வெள்ளிக்கிழமையும் சொல்லலை. அன்னைக்கே சொல்லியிருந்தா…”

அவர் திட்டுவார், அழுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் நான் தயாராக இருந்தேன். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகள் பக்கம் பார்த்தார்.

“எனக்கும் தெரியும்ங்க,” என்றார். “அன்னைக்குக் காத்தால நாங் கேட்டப்ப உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுதுங்க.”

எனக்குத் தலை நிமிரவில்லை.

“அவரு போனது போனதுதானுங்க. எங்க ஊட்டு மனுசனைப் பத்தி இனி நீங்க ஒண்ணும் சொல்லோண்டாம். ஒண்ணே ஒண்ணுங்க சாமி. சேதி தெரிஞ்சுதுன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்காதீங்க.”

சொல்லிவிட்டுக் காட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்.

அன்று காலைத் தபாலில், பக்கத்து ஊருக்கு அம்மை குத்துகிறவர் வியாழக்கிழமை வருவதாக ஒரு காகிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் எழுந்து போய் மணியடித்தேன்.